பதினெட்டாவது வால்

ஞாயிறு காலை ஒன்பது மணி.
எனக்கு முன்பே வந்து நிற்கிறது மழை.
முதல் வேலை ஆட்டுப் புழுக்கை வாருவது.
இரவெல்லாம் மலையில் மேய்ந்தவை
சரியாக ட்ரை கோட்டில்தான் போட்டுவிட்டுப் போயிருக்கின்றன;
வேல்ஸ் ஆடுகளுக்கும் ரக்பி தெரியும்.

ரொட்டி ஆலையில் இரவுப் பணி முடித்து
நேரே வந்தவள் நான். தலையில் மாவு.
பிள்ளைகள் அதை நரை என்கிறார்கள்.
ஒன்பது பேர். ஆறு வயது.
முன்பல் நான்கும் விழுந்த டூம்
பல்காப்பு கேட்கிறான்.
எதைக் காக்க?

ஆளுக்கு இரண்டு வால், இடுப்பின் இருபுறமும்
ஒட்டுப்பட்டையில் சிவப்பு நாடா. மொத்தம் பதினெட்டு.
"பிடுங்கலாம். பிடுங்கினால்
யார் வாலோ அவர் பெயரை உரக்கக் கத்தணும்.
இடிக்கக் கூடாது, சட்டையை இழுக்கக் கூடாது,
கடிக்கவே கூடாது, குவென்னோ."
விசில்.
சர்ர்ரென்று கிழிகிறது காலை.
ஹெலெத்! டூம்! மறுபடியும் டூம்!
ஐஃபோர் மட்டும் இரண்டு கையாலும்
இரண்டு வாலையும் பொத்திக்கொண்டு
நெரிசல் பேருந்தில் பர்ஸைப் பொத்தியவன்போல்
நடுத்திடலில் நிற்கிறான்.
பந்து அவன் நெஞ்சில் பட்டு விழுகிறது.
பிடிக்கக் கை மிச்சமில்லை.

அடுத்தது முதலைக் குளம். முதலை நான்தான்,
நான்கு கூம்புக்கு நடுவே
முட்டி போட்டு, சேற்றில்.
போன வாரம் அலறியவர்கள்
இந்த வாரம் என் முதுகில் ஏறிக் கடக்கிறார்கள்.
விதியில் அது இல்லை என்றேன்.
"முதலைக்கு விதி தெரியாது" என்றாள் நெஸ்டா.

பிறகு முட்டை வைக்கும் ஆட்டம்.
ஓடி வந்து, குனிந்து, கோட்டுக்கு அப்பால்
ஓடு விரியாமல் பந்தை வைக்கணும்.
எறிந்தால் ஆம்லெட்; புள்ளி கிடையாது.
டூம் வைத்தான். வைத்து
அதன்மேல் உட்கார்ந்தான்.
எழுந்திரு என்றேன்.
"இன்னும் பொரிக்கல."
மழையில் எட்டுப் பேர்
அடைகாப்பவனைச் சுற்றிக் காத்திருந்தார்கள்.
நானும்தான். வேறென்ன செய்ய.

பின்னால் வீசு, முன்னால் ஓடு.
மூன்று வாரமாக இதைத்தான் சொல்கிறேன்.
"முன்னால போகணும்னா
ஏன் பின்னால போடணும்?" ஐஃபோர் கேட்டான்.
ஆட்டம் அப்படி என்றேன்.
அவன் தலையைக்கூட ஆட்டவில்லை.

அப்போதுதான் பந்து உருண்டது.
எங்கள் திடலுக்கு ஒரு மூலை தாழ்வு;
விட்டால் வேலி இடுக்கு, சரிவு, ஓடை.
ஒன்பது பேரும் அதன் பின்னாலேயே.
என் விசில், நனைந்த பட்டாசு.
ஓடையில் கணுக்கால் ஆழம்தான் தண்ணீர்.
எனக்குத் தெரியும் அது,
என் நெஞ்சுக்குத் தெரியவில்லை.

வேலியைப் பிடித்து எட்டிப் பார்த்தால்
ஏறி வருகிறார்கள்.
முன்னே குவென்னோ, பந்தை அணைத்தபடி.
நாலடி ஏறியதும் மூச்சு முட்ட
ஒரு பக்கம் பின்தங்கியவளிடம் தருகிறாள்.
ஹெலெத் நாலடி.
டூம் வழுக்கி விழும் முன் நெஸ்டாவுக்கு.
அவளுக்கும் பின்னே ஐஃபோர்,
வாலை விட்டுவிட்டு
இரண்டு கையையும் நீட்டி.
வாங்கிக்கொண்டான்.
கூம்பு வைத்துக் கூம்பு வைத்து
நான் வரைந்து காட்டிய அதே சாய்ந்த வரிசை,
சேறும் சளியுமாக.
இதுதான் அது என்று நான் சொல்லவில்லை.
சொன்னால் நின்றுவிடுவார்கள்.

கடைசியில் வால் எண்ணினோம். பதினேழு.
புதரில் தேடினோம், ஓடையில்,
டூமின் காற்சட்டைப் பைக்குள்.
ஆடு தின்றிருக்கும் என்று தீர்ப்பாயிற்று.

இரவு, ஆலையில் உடை மாற்றும் அறை.
பின்னாலிருந்து சர்ர்.
பொதி கட்டும் பியோட்டர் கையில் சிவப்பு நாடா:
"உன் கம்பளிச் சட்டை முதுகில் என்ன இது?"
ஒரு நாள் முழுக்க
வால் முளைத்து நடந்திருக்கிறேன்,
பெட்ரோல் பங்க்குக்கு, அக்கா வீட்டு விருந்துக்கு,
ஒருவரும் பிடுங்காமல்.

பிடுங்கியவர் பெயரைக் கத்தணும் என்பது
பாவம், அவருக்குத் தெரியாது.
நானே கத்தினேன்:
நெரிஸ்!